ஆறாம் மாதத்தில் முட்டை: கால் டீஸ்பூனிலிருந்து அரை முட்டை வரை

மஞ்சள் கருவை எட்டாம் மாதத்தில் தொடங்கு, வெள்ளைக் கருவை ஒரு வயது முடிந்த பிறகு கொடு என்ற கணக்கு இன்னும் பல வீடுகளில் நடப்பில் இருக்கிறது. இது பாட்டிகள் மட்டும் போட்ட கணக்கு அல்ல. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இதைப் போலத்தான் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை முட்டையே வேண்டாம் என்றது. தள்ளிப்போட்டால் ஒவ்வாமை குறையும் என்பது அன்றைய எண்ணம். அப்படிக் குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்காததால் 2008இல் அந்தப் பரிந்துரையைக் கழகமே கைவிட்டது. கைவிட்ட செய்திதான் நம் வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஜப்பானில் நடத்தப்பட்டு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், தோலில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து நன்றாக வெந்த முட்டையின் தூளை மிகச் சிறிய அளவில் தினமும் கொடுத்தார்கள். கூடவே கரப்பானுக்கும் ஒழுங்காக மருத்துவம் செய்தார்கள். ஒரு வயதில் சோதித்தபோது, முட்டைத் தூள் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கே முட்டை ஒவ்வாமை இருந்தது. சாப்பிடாத குழந்தைகளில் அது 38 சதவீதம். கொடுத்த அளவோ ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அளவு அதிகமாக வேண்டியதில்லை, வேக்காடு முழுமையாக வேண்டும், தொடங்கியதை நிறுத்தக் கூடாது என்பதுதான் அதிலிருந்து ஒரு தாய் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இந்தக் கட்டுரை ஆறு மாதம் நிறைந்த, உடல்நலத்துடன் இருக்கும் குழந்தைக்கு முதன்முறையாக முட்டை கொடுக்கப் போகிறவர்களுக்கானது. முட்டை சாப்பிடாத குடும்பங்கள் இதற்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பருப்பு, தயிர், பச்சைப்பயறு, கீரை என்று வேறு வழிகள் உண்டு. ஆனால், வீட்டில் மற்ற எல்லோரும் முட்டை சாப்பிட, குழந்தைக்கு மட்டும் பயத்தால் மறுப்பதில் பொருளில்லை.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய குழந்தைகள்

எல்லாக் குழந்தைக்கும் முன்கூட்டியே மருத்துவரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சிலருக்கு வாங்கத்தான் வேண்டும். கன்னம், கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று பரவி, மருந்து போட்டும் அடங்காத கரப்பான் உள்ள குழந்தை. பால், வேர்க்கடலை என ஏற்கெனவே ஏதாவது ஓர் உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இவர்களுக்கு முதல் முட்டையை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கரப்பான் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரப்பானுக்குப் பயந்து முட்டையைத் தள்ளிப்போடுவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால், முட்டை ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமாக இருப்பது அந்தக் குழந்தைக்குத்தான். சீக்கிரம் தொடங்குவதால் பயன் அதிகமும் அதற்குத்தான். தோலை முதலில் ஆற்றிக்கொண்டு, மருத்துவரின் துணையோடு காலத்தே தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு ஆஸ்துமா, அக்காவுக்கு முட்டை அலர்ஜி என்பதெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். அவை மட்டுமே முட்டையைத் தவிர்க்கக் காரணமாகிவிடாது.

எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். இதுவரை எந்த எதிர்வினையும் காட்டாத குழந்தைக்கு அந்தச் சோதனை செய்தால், உண்மையில் ஒவ்வாமை இல்லாதபோதும் ‘இருக்கிறது’ என்று முடிவு வர வாய்ப்பு அதிகம். பிறகு அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் முட்டையை ஒதுக்குவார்கள். கன்னத்தில் முட்டையைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மென்மையான தோல் எது பட்டாலும் சிவக்கும்; அதைக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. புண்ணான தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போவதே ஒவ்வாமைக்கு ஒரு வாசல் என்றும் இப்போது கருதப்படுகிறது.

குழந்தை தயாரா?

தலை நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். நாம் சாப்பிடும்போது தட்டை எட்டிப் பார்க்கிறதா என்பதும் ஓர் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு திட உணவு என்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கு முட்டை, மீன், இறைச்சி போன்ற உணவுகள் தினமும் கிடைக்க வேண்டும் என்பதும் அதன் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இருக்கிறது.

முட்டைதான் முதல் உணவாக இருக்க வேண்டும் என்பதில்லை. கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம் என்று இரண்டு மூன்று உணவுகளைப் பழக்குங்கள். கரண்டியில் வருவதை விழுங்கத் தெரிந்த பிறகு முட்டைக்கு வாருங்கள். அதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும்.

முட்டை வாங்குவதும் வேகவைப்பதும்

நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. நாமக்கல் பண்ணை முட்டையும் கொல்லைப்புறத்து முட்டையும் குழந்தையின் தேவைக்குப் பெரிதாக வேறுபடுவதில்லை. காடை முட்டை ஒத்துக்கொள்ளும், கோழி முட்டைதான் ஆகாது என்பதும் நம்பத் தகுந்ததல்ல; இரண்டிலும் உள்ள புரதங்கள் நெருங்கியவை. வாத்து முட்டைக்கும் இதே பதில்தான். விரிசல் விட்ட முட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் குழந்தைக்கு வாங்காதீர்கள். வாங்கி வந்ததும் எல்லா முட்டைகளையும் கழுவி அடுக்குவது நல்ல பழக்கம்போலத் தெரியும். ஆனால், ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான பூச்சு அதனால் போய்விடும். அழுக்கு இருந்தால் வேகவைக்கும் நேரத்தில் கழுவினால் போதும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டை பழையது, அது வேண்டாம்.

வேக்காட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அரைவேக்காட்டு முட்டையில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்கலாம். பெரியவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்காகப் போவது சின்னக் குழந்தைக்கு மருத்துவமனை வாசமாகிவிடும். இன்னொன்று, சூடு முட்டையின் புரதத்தையே மாற்றுகிறது. வெள்ளைக் கருவில் அதிகம் இருக்கும் ஓவல்புமின் என்ற புரதம் நன்றாக வெந்தால் வடிவம் குலைந்து, ஒவ்வாமையைத் தூண்டும் திறனைப் பெருமளவு இழந்துவிடும். ஓவோமுகாய்டு என்ற மற்றொரு புரதம் சூட்டுக்கு எளிதில் மசியாது; ஆகவே வேகவைத்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பச்சை முட்டைத் தூளைக் கொண்டு வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளில் கணிசமான குழந்தைகளுக்கு எதிர்வினை வந்தது. வெந்த முட்டையைப் பயன்படுத்திய ஜப்பான் ஆய்வு அந்தச் சிக்கல் இல்லாமல் முடிந்தது.

ஆகவே, வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் நம் வழக்கம் தொட்டில் பக்கம் வரக் கூடாது. ஆஃபாயில், கலக்கி இரண்டும் அப்பாவின் தட்டிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். மஞ்சள் கரு மாவுபோல உதிர வேண்டும். நடுவில் ஈரமான கரும்மஞ்சள் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அதிக நேரம் வெந்தால் மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு வரும். மஞ்சளில் உள்ள இரும்பும் வெள்ளையில் உள்ள கந்தகமும் சேர்வதால் வருவது அது. கெட்டுப்போன அடையாளம் அல்ல.

மஞ்சள் முதலில், வெள்ளை பிறகு என்று பிரிக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்களில் பெரும்பகுதி வெள்ளையில்தான் இருக்கிறது. உடல் பழகிக்கொள்ள வேண்டியதும் அவற்றுக்குத்தான். மஞ்சளை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, குழந்தைக்கு முட்டை பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது வீண் நிம்மதி.

வெந்த முட்டை சின்ன வாய்க்குத் தொல்லை தரும் பொருள். மஞ்சள் தொண்டையில் ஒட்டும். வெள்ளை ரப்பர்போல வழுக்கும். டீ வடிகட்டியில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்தால் இரண்டும் மென்மையான தூளாக விழும். அதில் தாய்ப்பாலோ வெதுவெதுப்பான நீரோ, ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய கஞ்சியோ சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு, சர்க்கரை, மிளகுத்தூள் எதுவும் வேண்டாம். ருசிக்குத் தேன் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

முதல் நாள்

நாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இல்லாத நாளாக இருக்க வேண்டும். தடுப்பூசி போட்ட நாளும் மறுநாளும் வேண்டாம். ஊசியால் வந்த சிணுங்கலா, முட்டையால் வந்ததா என்று தெரியாமல் குழம்புவீர்கள். காலை பத்து மணிவாக்கில், குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரத்தில் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டுத் தூங்க வைப்பது கூடாது. ஊருக்குப் போகும் பஸ்ஸிலும், கல்யாண வீட்டிலும் புதிய உணவைத் தொடங்குவது நல்லதல்ல. அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும். அதே நாளில் வேறு புதிய உணவு எதையும் சேர்க்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன் வாயைச் சுற்றி லேசாக வாஸ்லின் தடவிவிடுங்கள். எச்சிலும் உணவும் பட்டு வரும் சாதாரணச் சிவப்பைப் பார்த்துப் பதறுவது இதனால் குறையும்.

குழைத்த முட்டையில் கால் டீஸ்பூன் எடுங்கள். கரண்டி நுனியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். குழந்தை இயல்பாக விளையாடினால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். முதல் நாளுக்கு மொத்தம் ஒரு டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். முகம் சுளித்தால் ஒவ்வாமை என்று நினைத்துவிடாதீர்கள். புதிய மணத்துக்கு எல்லாக் குழந்தைகளும் முகம் சுளிக்கும். துப்பினால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மீண்டும் முயலுங்கள்.

தாய் முட்டை சாப்பிட்டுத் தாய்ப்பால் கொடுத்திருக்கிறாரே, குழந்தைக்கு அது ஏற்கெனவே பழகியிருக்காதா? தாய்ப்பாலில் முட்டைப் புரதம் மிக நுண்ணிய அளவில் வரலாம். குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. முதல் நாளின் கவனம் எல்லோருக்கும் ஒன்றே.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எப்படித் தெரியும்?

எதிர்வினை வருவதானால் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் வரும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது குறைவு. கொசுக்கடிபோல ஆங்காங்கே தடித்துக்கொண்டு எழும்பும் தடிப்புகள், உதடும் கண்ணிமையும் வீங்குதல், ஓரிரு முறை வாந்தி ஆகியவை மிதமானவை. முட்டையை நிறுத்திவிட்டு, வாயையும் கையையும் துடைத்துவிட்டு, உடனே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை மறுபடி கொடுக்காதீர்கள்.

கடுமையானவை வேறு. மூச்சிரைப்பு, விடாத இருமல், திடீரென்று கம்மிப்போன அழுகை, நாக்கு வீக்கம், உடல் வெளுத்துத் துவண்டுபோதல், தொடர்ந்து வாந்தி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108க்கு அழையுங்கள். அருகில் மருத்துவமனை இருந்தால் நேராக அங்கே போய்விடுங்கள். குழந்தையைப் படுக்க வைத்தே வைத்திருங்கள். நிமிர்த்தித் தோளில் போட்டுக் குலுக்க வேண்டாம். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டு, சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரும் நேரம்தான் ஆபத்தானது. சிரப் தடிப்பைக் குறைக்கும், மூச்சுத்திணறலை நிறுத்தாது.

பலர் அறியாத இன்னொரு வகை உண்டு. முட்டை கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து, தடிப்பு எதுவும் இல்லாமலே, குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துச் சோர்ந்துவிடும். குடலைச் சார்ந்த தாமதமான எதிர்வினை இது. தாமதமாக வருவதால் நாம் முட்டையைச் சந்தேகிக்காமல் ‘மாந்தம்’ என்றோ ‘கண் பட்டுவிட்டது’ என்றோ நினைத்துவிடுவோம். இதற்கும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு முட்டை கொடுத்தீர்கள் என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவந்து, துடைத்த சிறிது நேரத்தில் மறைந்து, குழந்தையும் உற்சாகமாக இருந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்குள் தடிப்பு மறைந்துவிடுவது வழக்கம்.

அதற்குப் பிறகு

முதல் நாள் நல்லபடியாகப் போய்விட்டதா? பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஒத்துக்கொண்டது என்ற நிம்மதியில் அடுத்த முட்டை ஒரு மாதம் கழித்து வரும். நோய் எதிர்ப்பு மண்டலம் ஓர் உணவைத் தன்னுடையதாக ஏற்பது ஒரே சந்திப்பில் நடப்பதில்லை. அடுத்தடுத்துக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டீஸ்பூன், பிறகு இரண்டு என்று உயர்த்துங்கள். இரண்டு மூன்று வாரங்களில் கால் முட்டைக்கும், ஏழு எட்டு மாதத்தில் அரை முட்டைக்கும் வந்துவிடலாம். குறைந்தது வாரத்தில் இரண்டு நாள் என்ற கணக்கை நோய்நொடி இருந்தாலொழிய விடாதீர்கள். ஒரு வயதை நெருங்கும்போது குழந்தை விரும்பினால் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். முட்டை சூடு, தினமும் கொடுத்தால் கட்டி வரும் என்ற பயத்துக்கு மருத்துவ அடிப்படை கிடையாது.

தினமும் அவித்த முட்டையையே நீட்டினால் குழந்தைக்கு அலுத்துவிடும். அடித்த முட்டையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் வைத்து, நடுவில் ஈரம் இல்லாமல் ஆவியில் வேகவைத்தால் மென்மையாக இருக்கும். குழைந்த பருப்புச் சாதத்தில் அடித்த முட்டையை ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கிளறினால் முட்டை இருப்பதே தெரியாது. எட்டு ஒன்பது மாதத்தில் தானே எடுத்துச் சாப்பிடத் தொடங்கும் குழந்தைக்கு, இருபுறமும் நன்றாக வெந்த ஆம்லெட்டை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். பொடிமாஸ் கொடுத்தால் கட்டிகளை உதிர்த்துக் கொடுங்கள். முழுக் காடை முட்டையைக் கையில் கொடுக்காதீர்கள். அந்த உருண்டை மூச்சுக்குழாயை அடைக்கும் அளவில் இருக்கிறது. கேக்கில் முட்டை இருக்கிறதே, அதைக் கொடுத்துப் பழக்கலாம் என்பதும் சரியான வழியல்ல. அதில் முட்டை குறைவு, சர்க்கரை அதிகம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்த ஆய்வில், பேக்கரிப் பண்டங்களின் வழியே முட்டை பழகியவர்களைவிட நேரடியாகச் சமைத்த முட்டை சாப்பிட்ட குழந்தைகளுக்கே ஒவ்வாமை குறைவாக இருந்தது. மசித்த முட்டை மிஞ்சினால் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காமல் யாராவது சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் 150 மில்லிகிராம் அளவுக்கும் இருக்கின்றன. பி12, வைட்டமின் ஏ ஆகியவையும் உண்டு. இரும்புச்சத்து விஷயத்தில் மட்டும் முட்டையை நம்ப வேண்டாம். ஒரு முட்டையில் அது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இருப்பதும் உடலில் எளிதில் சேராது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆறாம் மாதத்திலிருந்து கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பை, முட்டைதான் சாப்பிடுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

முட்டை ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், அது வாழ்நாள் தண்டனை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலோ அதைச் சற்றுத் தாண்டியோ அது தானாகவே விலகிவிடுகிறது. எப்போது மறுபடி முயல்வது என்பதை மருத்துவர் தன் கண்காணிப்பில் முடிவு செய்வார். வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அதுவரை பிஸ்கட், கேக், மயோனைஸ் என வாங்கும் பொட்டலங்களில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அங்கன்வாடியில் விடும்போது ஆசிரியரிடம் நேரில் சொல்வதோடு எழுதியும் கொடுங்கள். அங்கே குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி கோழிக்கரு உயிரணுக்களில் வளர்க்கப்படுகிறது என்று கேள்விப்பட்டு, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் பெற்றோர் சிலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கும் அந்த ஊசி பாதுகாப்பானதுதான். ஊசி போடும் செவிலியரிடம் ஒவ்வாமை இருப்பதைச் சொல்லுங்கள். போட்ட பின் எல்லோரையும்போல அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.